வெள்ளி மலை வைத்திருந்தவர்கள் ஏன் திவாலானார்கள்? சரக்கா, சூட்சுமமா?

#1 பாய்மரம்

2025ஆம் ஆண்டின் பொருளாதார நோபலில் பாதி ஜோயல் மோகிருக்கும் மீதிப் பாதி பிலிப் அகியன், பீட்டர் ஹோவிட் இருவருக்கும் போனதிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. மூவர் சொல்வதையும் சுருக்கினால் இதுதான்: வளர்ச்சி நிற்காமல் நடக்க வேண்டுமென்றால் புதிதாகக் கண்டுபிடிப்பதும் நிற்கக் கூடாது, அதைப் பொறுத்துக்கொள்ளும் சமூகமும், அதாவது அப்படியொரு பண்பாடும், வேண்டும். அப்படியானால் "மிளகு தேடி வந்தார்கள், பொன் தேடிப் போனார்கள்" என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கதையில் சரக்குக்கு என்னதான் வேலை?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு கொட்டிக் கிடந்த இடம் செழிக்கவில்லை. சரக்கு இல்லாமல் தவித்த இடம்தான் செழித்தது.

ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். 1545இல் இன்றைய பொலிவியாவின் பொட்டோசியில் ஒரு மலையே வெள்ளியாகக் கிடைத்தது. கப்பல் கப்பலாக செவில் நகருக்கு வந்து இறங்கியது. ஆனால் இரண்டாம் பிலிப் மன்னர் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தார். வெள்ளி வந்து இறங்குவதற்குள் அது ஜெனோவா வட்டிக்காரர்களுக்கும் ஃபிளாண்டர்ஸ் போருக்கும் எழுதிக் கொடுத்தாகியிருக்கும்.

அதே காலத்தில் அவர்களோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த டச்சுக்காரர்களிடம் என்ன இருந்தது? காடு இல்லை. நிலத்தில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து மீட்டது. தானியம் பால்டிக் கரையிலிருந்து வர வேண்டும், கப்பல் கட்ட மரமும் வெளியிலிருந்து வர வேண்டும். 1594இல் கார்னெலிஸ் கார்னெலிஸ்ஸோன் என்பவர் காற்றாலையில் மரம் அறுக்கும் வழி கண்டார். ஆலை சுற்றுவதை ஒரு கிராங்க் வழியாக ரம்பம் ஏறி இறங்கும் ஓட்டமாக மாற்றினார், அவ்வளவுதான். கையால் அறுத்தவர்கள் ஒரு மாதம் செய்ததை ஆலை ஓரிரு நாளில் முடித்தது. பலகை மலிந்தது, கப்பல் மலிந்தது. ஹூர்ன் துறைமுகத்தில் ஃப்ளூட் என்ற தொந்தி வைத்த சரக்குக் கப்பல் பிறந்தது. பீரங்கி கிடையாது, மாலுமிகளும் கொஞ்சம் பேர்தான், ஆனால் வயிறு கொள்ளச் சரக்கு ஏறும். மரமே இல்லாதவன் ஐரோப்பாவுக்கே கப்பல் கட்டிக் கொடுத்தான்.

யார் ஒத்துக்கொள்கிறீர்கள், யார் அடிக்க வருகிறீர்கள்?

#2 மூன்றாம்பெஞ்ச்

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். அந்த வெள்ளியெல்லாம் கடைசியில் எங்கே போனது?

#3 உப்புக்காற்று

தம்பி, பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது சீனாவில். ஐரோப்பா வழியாகக் கைமாறிக் கைமாறியும் போனது, நேராகவும் போனது. 1571இல் ஸ்பெயின்காரர்கள் மணிலாவில் காலூன்றினார்கள். அகபுல்கோவிலிருந்து பசிபிக்கைக் கடந்து வெள்ளி அங்கே வரும். பட்டும் பீங்கானும் திரும்பிப் போகும். 1815 வரை இந்தக் கப்பல்கள் ஓடின. மிங் அரசு வரியை வெள்ளியாகக் கட்டச் சொன்னதால் அங்கே வெள்ளிக்கு அப்படியொரு பசி. ஒரு பங்கு தங்கத்துக்கு ஐரோப்பாவில் எவ்வளவு வெள்ளி கொடுக்க வேண்டுமோ, அதில் ஏறக்குறைய பாதி கொடுத்தால் சீனாவில் போதும். அந்த வித்தியாசமே ஒரு வியாபாரம்.

பாய்மரம், உங்கள் கட்சியில் எனக்கு ஒரு இடம் இடிக்கிறது. சரக்கு இருந்த பக்கம் மூளையே இல்லை என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பொட்டோசியில் நல்ல தாது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. மட்டமான தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்க வழி வேண்டும். 1554இல் மெக்சிகோவின் பச்சூகாவில் பார்த்தலோமே தே மெதினா ஒரு வழி செய்தார். தாதுவைப் பொடியாக்கி, உப்பு, மயில்துத்தம், பாதரசம் சேர்த்துச் சேறாகக் குழைத்து, முற்றத்தில் பரப்பி, வாரக்கணக்கில் மிதிக்க விட வேண்டும். பாதரசம் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், வெள்ளி நிற்கும். பொட்டோசி குளிர் பிரதேசம், அதனால் அங்கே தொட்டியில் போட்டு அடியில் நெருப்பு வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு இது சாதாரண வேலை இல்லை.

ஆனால் அதை யார் செய்தார்கள்? 1570களில் ஸ்பெயினின் வைசிராய் டொலேடோ, இன்காக்களின் 'மித்தா' என்ற பழைய முறைவேலையைத் தூசி தட்டி எடுத்தார். சுற்று வட்டாரத்து ஆண்களில் ஏழில் ஒரு பங்கு ஆள் முறை போட்டுச் சுரங்கத்துக்கு வர வேண்டும். கண்டுபிடிப்பு ஒரு பக்கம், கட்டாய வேலை மறுபக்கம். இரண்டும் ஒரே தொட்டியில்தான் வெந்தன.

உங்கள் டச்சுக்காரர்களும் பலகை அறுத்து மட்டும் பெரியவர்களாகவில்லை. ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளில் 1621இல் யான் பீட்டர்ஸ்ஸோன் கூன் நடத்திய படுகொலையை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

#4 ராட்டை

பாய்மரம் அண்ணாவின் கட்சிக்கு இன்னும் நல்ல சாட்சி ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசியில் அது அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும், அது வேறு விஷயம்.

சாட்சி சாயத் துணி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் பருத்தித் துணி ஐரோப்பாவைப் பைத்தியமாக அடித்தது. மலிவு என்பது மட்டும் காரணமில்லை. துவைத்தாலும் சாயம் போகவில்லை. ஐரோப்பியர்களுக்குப் பருத்தியில் சாயத்தை நிறுத்தத் தெரியாது. சோழமண்டலக் கரையில் அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறப் போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் படிகாரத்தை இழுத்துப் பிடிக்கும். பாலின் கொழுப்பு, வரைந்த கோடு கசிந்து பரவாமல் காக்கும். காய்ந்த பிறகு படிகாரக் கரைசலால் வரைவார்கள். அந்தக் கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. கடைசியில் சாயவேர் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் துணியை இறக்கினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பு ஏறும். மற்ற இடத்தில் ஒட்டியது அலசலிலும் வெயிலிலும் போய்விடும். வேதியியல் என்ற பெயரே இல்லாத வேதியியல். 1742இல் கேர்து என்ற ஜெசுவிட் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு இதையெல்லாம் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். இன்றைக்கு இதற்குத் தொழில் உளவு என்று பெயர்.

லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களுக்கு வயிற்றில் அடி. 1700இல் அச்சிட்ட துணி இறக்குமதிக்குத் தடை வந்தது. வெள்ளைத் துணியை இறக்கி அங்கேயே அச்சடித்தார்கள். 1719இல் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தி ஆடை அணிந்த பெண்களின் உடையைக் கிழித்தார்கள், அமிலம் வீசினார்கள். 1721இல் உடுத்துவதற்கே தடை. கவனியுங்கள், விற்பதற்கு மட்டும் அல்ல, உடுத்துவதற்கும்!

ஆனால் ஆசை அடங்கவில்லையே. வட இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர்கள் லினன் பாவு (நீள நூல்), பருத்தி ஊடை (குறுக்கு நூல்) போட்டு ஃபஸ்டியன் என்ற கலப்புத் துணி நெய்தார்கள். 1736இல் அதற்கு விலக்கு கிடைத்தது. ஏன் லினன் பாவு? தறியில் பாவு இழுப்பைத் தாங்க வேண்டும். அங்கே கையால் நூற்ற பருத்தி நூல் அறுந்துவிடும், இந்திய நூல் தாங்கும். அந்த ஒரு குறைதான் 30 வருஷம் பலரைத் தூங்க விடவில்லை. 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்பு இயந்திரம் வந்தது, அதன் நூல் ஊடைக்குத்தான் உதவியது. 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்பு இயந்திரம் வந்தது, அதன் நூல் பாவுக்கும் தாங்கியது. 1774இல் பழைய தடையை நீக்கச் சொல்லி மனுப் போட்டதும் அதே ஆர்க்ரைட்தான், அவருடைய முழுப் பருத்தித் துணிக்கே அந்தச் சட்டம் குறுக்கே நின்றதால்.

ஆக, இல்லாதவன் யோசித்தான், சரி. ஆனால் அவன் யோசித்து முடிக்கிற வரைக்கும் அரசாங்கம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. கடுக்காய்க்காரனுக்கு அப்படிக் கதவு சாத்த யாரும் இல்லை.

#5 கணக்குப்பிள்ளை

ராட்டையின் பதிவு அருமை. ஆனால் ஒரு கணக்கு விடுபடுகிறது. ஜென்னி ஒன்று செய்யச் செலவு இருக்கிறது. அது எத்தனை பேர் கூலியை மிச்சம் பிடிக்கும் என்று பார்த்துத்தான் எவனும் பணம் போடுவான். கூலி உயர்ந்த இடத்தில் இயந்திரம் லாபம், குறைந்த இடத்தில் அதே இயந்திரம் நட்டம். இந்தியாவில் ஜென்னி வராததற்கு மூளைக் குறைவு காரணம் இல்லை, நூற்பவரின் கூலி அவ்வளவு குறைவு.

நிலக்கரியும் அப்படித்தான். 1712இல் இங்கிலாந்தின் டட்லி பக்கம் ஒரு சுரங்கத்தில் நியூகோமனின் நீராவி இயந்திரம் முதன்முதலாகத் தண்ணீர் இறைத்தது. அது கரி தின்னும் பூதம். சிலிண்டருக்குள் நீராவி போகும், உடனே பச்சைத் தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைக்க வேண்டும், மறுபடி அதே சிலிண்டரைச் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் இதே கூத்து. கரியைக் காசு கொடுத்து வாங்குகிற எவனும் இதைத் தொடமாட்டான். கரிச் சுரங்கத்தின் வாசலிலேயே, விற்காத கரித்தூள் சும்மா கிடக்கிற இடத்தில்தான் இது பிழைக்க முடியும். அங்கே பிழைத்து 50 வருஷம் மெல்ல மெல்லத் தேறியது. எனவே சரக்கு முக்கியம், பாய்மரம் சார். எந்தச் சரக்கு எங்கே மலிவாகக் கிடந்தது என்பதுதான் கதை.

#6 ராட்டை

கூலிக் கணக்கில் ஒரு ஓட்டை. நூற்றது யார்? பெண்களும் குழந்தைகளும். இங்கிலாந்தில் கட்டடத் தொழிலாளியின் கூலி உயர்ந்திருக்கலாம், நூற்ற பெண்ணின் கூலி அப்படி ஒன்றும் இல்லை என்று பழைய கணக்கேடுகளைப் புரட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் நடுவில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. "உயர்ந்த கூலி" என்று பொதுவாகச் சொல்லும்போது யாருடைய கூலி என்று கேட்காமல் விடாதீர்கள்.

#7 லேத்துக்காரன்

நான் படிப்பாளி இல்லை. 22 வருஷம் போரிங் மெஷினில் நின்றவன். நீராவி இயந்திரத்தைத் தேற்றிய ஜேம்ஸ் வாட் கதையை எல்லோரும் கெண்டியும் ஆவியுமாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த வாட் கதை வேறு.

கணக்குப்பிள்ளை சொன்ன அந்தக் கூத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொண்டிருந்த ஜேம்ஸ் வாட் கைக்குப் பழுது பார்க்க வந்தது, ஒரு சின்ன மாதிரி இயந்திரமாக. 1765இல் யோசனை பிடிபட்டுவிட்டது: ஆவியைக் குளிர வைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டால் சிலிண்டர் சூடாகவே இருக்கலாம். 1769இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் பெரிய அளவில் இயந்திரம் ஓடியது 1776இல். நடுவில் ஏன் இத்தனை வருஷம்? பணத் தட்டுப்பாடு ஒன்று. சிலிண்டர் இன்னொன்று.

நியூகோமன் இயந்திரத்தில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருந்தாலும் ஓடிவிடும். தோல் வைத்து அடைத்து மேலே தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். வாட்டின் இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் குளிர்ந்துவிடும், யோசனையே பாழ். சந்தே இருக்கக் கூடாது. அந்தக் காலத்துத் துளைப்பில், வெட்டும் தலை ஒரு பக்கம் மட்டும் பிடித்த கம்பியின் நுனியில் ஆடிக்கொண்டு போகும். வார்ப்பு எங்கே கோணலோ அங்கே அதுவும் கோணும். உட்புறம் வழவழப்பாக இருக்கும், ஆனால் நேராக இருக்காது. வேலை தெரிந்தவனுக்கு இந்த வலி புரியும்.

ஜான் வில்கின்சன் என்ற இரும்பு முதலாளி 1774இல் பீரங்கியைத் துளைக்க ஒரு முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அடுத்த வருஷம் சிலிண்டருக்கென்று ஒரு மெஷின் கட்டினார். கம்பியைச் சிலிண்டருக்குள் முழுக்க விட்டு இரண்டு முனையிலும் தாங்கு கொடுத்தார். தீர்ந்தது ஆட்டம். 50 அங்குல விட்டச் சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன்கூடப் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் எழுதினார். இன்றைய அளவுக்கு அது சிரிப்பு. அன்றைக்கு அதுதான் நீராவி யுகம்.

ஆர்க்ரைட்டும் அப்படியே. அவர் தலைமுடி வியாபாரி, சவரத் தொழில் செய்தவர். மெஷினைக் கட்டியது ஜான் கே என்ற கடிகாரக்காரர். (தறியில் ஓடும் விசைநாடாவைக் கண்டுபிடித்த ஜான் கே வேறு ஆள். எனக்கே ரொம்ப நாள் குழப்பம்.) பண்பாடு என்று நீங்கள் சொல்வது எனக்கு இப்படித்தான் புரிகிறது: பக்கத்துத் தெருவில் பல்சக்கரம் வெட்டத் தெரிந்தவன் இருக்கிறானா, இல்லையா?

#8 மூன்றாம்பெஞ்ச்

அண்ணா, அப்படியானால் சீனாவில் சூ சோங் 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீரில் ஓடும் பிரம்மாண்டக் கடிகாரம் கட்டினாரே? பல்சக்கரம், சங்கிலி எல்லாம் அதில் இருந்ததே?

#9 பாய்மரம்

நல்ல இடத்தில் பிடித்தாய். கைஃபெங் நகரில் இருந்தது. 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென்கள் நகரைப் பிடித்தபோது அதைக் கழற்றி எடுத்துப் போனார்கள், திரும்ப அதே மாதிரி ஓட வைக்க முடியவில்லை. கடிகாரம் அரண்மனைக்கு ஒன்று. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நால்வராக இல்லை. லேத்துக்காரர் அண்ணன் சொன்னதும் இதுதான்.

பண்பாடு என்பதை நான் மனப்பான்மையாக மட்டும் பார்க்கவில்லை. படித்தவனும் கைவேலைக்காரனும் ஒரே மேசையில் உட்கார முடிகிறதா என்பதாகப் பார்க்கிறேன். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க 20,000 பவுண்டு வரை பரிசு வைத்தது. வானியல் மேதைகள் நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜான் ஹாரிசன் என்ற தச்சர் கடிகாரம் செய்து 1761இல் ஜமைக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார். நேரம் சில விநாடிதான் தவறியிருந்தது. பணத்தைக் கொடுக்க அவரை இழுத்தடித்தார்கள், அது வெட்கக்கேடு. ஆனால் தச்சன் வந்து போட்டியில் நிற்க முடிந்தது. 1754இல் லண்டனில் தொடங்கிய கலைகள் சங்கம் இன்னொரு படி போனது. பரிசு வேண்டுமானால் காப்புரிமை கேட்கக் கூடாது, செய்முறையை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று விதி வைத்தது.

இன்னொன்று, நட்டப்படுகிறவன் தடுத்து நிறுத்த முடிகிறதா என்பது. ஆம்ஸ்டர்டாமில் கையால் மரம் அறுப்பவர்களின் சங்கம் காற்றாலையை எதிர்த்தது. ஆலைகள் பக்கத்தில் ஸான் ஆற்றங்கரைக்குப் போய்விட்டன. ஒரு ஊர் கதவடைத்தால் அடுத்த ஊர் திறந்துகொள்ளும். ஐரோப்பா துண்டு துண்டாகக் கிடந்ததில் இந்த வசதி இருந்தது.

#10 தேனீ

"நட்டப்படுகிறவன் தடுக்க முடிகிறதா" என்று எவ்வளவு மென்மையாகச் சொல்லிவிட்டீர்கள், பாய்மரம். தடுக்க வந்தவனுக்கு இங்கிலாந்தில் என்ன கிடைத்தது? 1769 சட்டப்படி ஆலையை இடித்தால் தூக்கு. 1812இல் நெசவு இயந்திரங்களை உடைப்பதும் மரண தண்டனைக் குற்றமானது. அடுத்த ஆண்டு யார்க்கில் வரிசையாகத் தூக்கிலிட்டார்கள். கண்டுபிடிப்புப் பண்பாடு என்று நீங்கள் கொண்டாடுவதற்குப் பின்னால் ஒரு தூக்குமரமும் நின்றது. அதையும் பண்பாட்டுக் கணக்கில் எழுதுங்கள்.

இன்னொன்று. இந்த இழையில் இவ்வளவு பருத்தி ஓடியிருக்கிறது, பறித்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 1793இல் எலி விட்னி பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் ஜின் செய்தார். கையால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பவுண்டு பஞ்சு சுத்தமாகும் என்ற இடத்தில் மெஷின் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் செய்தது. வேலையைக் குறைக்கிற கண்டுபிடிப்புதானே, அடிமைத்தனம் குறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. விதை பிரிப்பது சுலபமானதும் எங்கெங்கும் பருத்தி நட்டார்கள், பறிக்க ஆள் வேண்டியிருந்தது. 1790 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 7 லட்சம். 1860இல் ஏறக்குறைய 40 லட்சம். ஆர்க்ரைட் ஆலைகளின் வாரிசுகளுக்குப் பஞ்சு போட்டவர்கள் அவர்கள்தான்.

1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 20 மில்லியன் பவுண்டு நட்ட ஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு.

#11 நடுநிலைநாயகம்

வரலாற்று இழையில் எதற்கு அரசியல்? கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசலாமே.

#12 தேனீ

ஜின் கண்டுபிடிப்பு இல்லையா?

#13 நெறியாளர்

தேனீ எழுதியது இழைக்குப் பொருத்தமானதே. அப்படியே தொடரட்டும். ஆளைத் தொடாமல் கருத்தைத் தொடுங்கள்.

#14 கணக்குப்பிள்ளை

சரக்கு வைத்திருப்பவனுக்குக் கண்டுபிடிப்பு எமனாக வரும் கதையையும் சேர்த்துக்கொள்வோம். அவுரி. நீலச் சாயம் என்றால் 19ஆம் நூற்றாண்டில் வங்காளம், பீகார் அவுரித் தோட்டங்கள்தான். ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்துக்காகப் பல வருஷம் பணத்தைக் கொட்டியது. ஒரு கட்டத்தில் நாஃப்தலீனைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கும்போது வெப்பமானி உடைந்து பாதரசம் கலந்துவிட்டதாகவும், வினை திடீரென்று வேகம் எடுத்ததாகவும் வேதியியல் வகுப்பில் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. தோட்ட நீலம் சரிந்தது.

சரிந்த நட்டத்தை யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பீகாரின் சம்பாரண் விவசாயிகள் 20 கட்டா (நில அளவு) நிலத்தில் 3 கட்டா அவுரி போட்டே ஆக வேண்டும் என்பது பழைய கட்டாயம், பெயர் தீன்கட்டியா. நீலம் விலை போகாத காலத்தில் தோட்ட முதலாளிகள் பெருந்தன்மையாக, "இனி அவுரி போட வேண்டாம், அதற்குப் பதில் குத்தகையை ஏற்றிக் கொடு" என்றார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மன் சாயம் நின்றதும் மறுபடி அவுரி போடு என்றார்கள். 1917இல் காந்தி அங்கே போனபோது அவர் முன்னால் குவிந்த வாக்குமூலங்களுக்குப் பின்னால் லுட்விக்ஸ்ஹாஃபனில் பாஸ்ஃபின் ஒரு ஆய்வகம் இருக்கிறது.

சிலியும் அப்படித்தான். வெடியுப்புக்காக 1879இல் பெருவோடும் பொலிவியாவோடும் போர் தொடுத்து அது கிடந்த பாலைவனத்தையே கைப்பற்றியது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஹேபர்–போஷ் ஆலை காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா எடுக்க ஆரம்பித்தது, வெடியுப்பின் இடத்தை மெல்ல அது பிடித்தது.

#15 தானியக்குதிர்

எல்லோரும் சரக்கு, மெஷின் இரண்டையும் பேசுகிறீர்கள். வியாபாரமே ஒரு கண்டுபிடிப்பு என்பதை யாரும் தொடவில்லை.

1850க்கு முந்தைய சிகாகோவை நினைத்துப் பாருங்கள். கோதுமை மூட்டையில் வரும். ஒவ்வொரு மூட்டையும் ஒரு குறிப்பிட்ட விவசாயியுடையது. நியூயார்க்கில் விற்றுப் பணம் கைக்கு வருகிற வரைக்கும் அது அவனுடைய மூட்டைதான். வழியில் நனைந்தால் அவன் நட்டம். அப்புறம் ரயில் வந்தது, நீராவியில் ஓடும் எலிவேட்டர் குதிர்கள் வந்தன. வாளிகள் கோத்த பட்டை சுழன்று தானியத்தை உச்சிக்குத் தூக்கும், அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் போலக் கொட்டும். மூட்டை தூக்குகிற கூலி மிச்சம். ஆனால் குதிர் நிறைய வேண்டுமென்றால் உன் கோதுமையையும் என் கோதுமையையும் ஒன்றாகக் கொட்ட வேண்டும். கொட்டிய பிறகு எது யாருடையது?

சிகாகோ வணிக வாரியம் 1848இல் தொடங்கியது. 1856இல் அது தரம் பிரித்தது: வெள்ளைக் குளிர்காலக் கோதுமை, சிவப்புக் குளிர்காலக் கோதுமை, வசந்தக் கோதுமை. ஒரே தரமாக இருந்தால் கலக்கலாம். விவசாயிக்குக் கிடைப்பது ஒரு சீட்டு, "இந்தத் தரத்தில் இத்தனை புஷல்" என்று. அவன் போட்ட கோதுமை திரும்பக் கிடைக்காது, அதே தரத்தில் ஏதோ ஒரு கோதுமை கிடைக்கும். அந்தச் சீட்டு கை மாறியது. பிறகு இன்னும் விளையாத கோதுமைக்கும் சீட்டு மாறியது. 1865இல் முன்பேர ஒப்பந்தத்துக்கு முறையான விதிகள் வந்தன. ஒரு விவசாயியின் வியர்வையாக இருந்த தானியம் பதினைந்து வருஷத்தில் காகிதத்தில் ஓடும் எண்ணாக மாறியது. குதிர்க்காரர்கள் இரண்டாம் தரத்தின் விளிம்பில் மூன்றாம் தரத்தைக் கலந்து காசு பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விவசாயிகள் அதற்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

இதில் பல்சக்கரம் எதுவும் புதிதில்லை. புதிது, "இதுவும் அதுவும் ஒன்று" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதுதான்.

#16 உப்புக்காற்று

சிகாகோவுக்கு முன்பே ஓசாகா. டோஜிமா அரிசிச் சந்தையை 1730இல் ஷோகன் அரசு முறைப்படி அங்கீகரித்தது. பிரபுக்களின் கிடங்கு அரிசிக்குச் சீட்டு இருந்தது. அரிசியைக் கண்ணால் பார்க்காமலே கணக்கில் மட்டும் வாங்கி விற்கும் முறையும் இருந்தது. எனக்குப் பிடித்த விவரம் ஒன்று: சந்தை மூடும் நேரத்துக்கு ஒரு மரப்பெட்டியில் திரிக் கயிற்றைக் கொளுத்தி வைப்பார்கள். அது அணைந்தால் வியாபாரம் முடிந்தது. அப்போதும் கூட்டம் கலையாது. காவலர்கள் வாளியோடு வந்து வியாபாரிகள் மேல் தண்ணீரை வீசி விரட்டுவார்கள்.

ஆக முன்பேர வணிகம் ஒரு குறிப்பிட்ட பண்பாட்டின் சொத்து இல்லை. அரிசி அறுவடை வருஷத்துக்கு ஒருமுறை வரும், பிரபுவுக்குக் கடன் வருஷம் பூராவும் இருக்கும். அந்த நெருக்கடியில் யாருக்கும் தோன்றும்.

#17 பாய்மரம்

என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். "இல்லாதவன் யோசித்தான்" என்றேன். இல்லாதவன் எல்லோரும் யோசிக்கிறான், யோசித்ததைக் காலூன்ற வைக்கக் கால அவகாசம் வாங்கியவன்தான் ஜெயித்தான். லங்காஷயருக்கு அந்த அவகாசத்தைத் தடைச் சட்டம் வாங்கிக் கொடுத்தது. நியூகோமனுக்குக் கரித்தூள் வாங்கிக் கொடுத்தது. பாஸ்ஃபுக்கு முதல் போட்ட பொறுமைசாலிப் பங்குதாரர்கள். தேனீ சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த அவகாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் பல இடங்களில் வேறு யாரோ.

ஆனால் மனப்பான்மையை முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். கரியும் கதவடைப்பும் பல நாடுகளில் இருந்தன.

#18 லேத்துக்காரன்

அவகாசம் கூடினாலும் தப்புதான், தம்பி. வாட்டுக்கு 1769இல் கொடுத்த காப்புரிமையை 1775இல் நாடாளுமன்றம் 1800 வரை நீட்டியது. ஹார்ன்புளோவர் என்பவர் இரண்டு சிலிண்டர் வைத்து ஒரு நல்ல இயந்திரம் செய்தார், போல்டனும் வாட்டும் வழக்குப் போட்டு மடக்கினார்கள். வாட்டுக்கு உயரழுத்த நீராவியே பிடிக்காது. 1800இல் காப்புரிமை முடிந்ததும் ட்ரெவிதிக் உயரழுத்த இயந்திரத்தோடு வந்துவிட்டார். கண்டுபிடித்தவனே அடுத்த கண்டுபிடிப்புக்குக் குறுக்கே படுத்துக்கொள்வான்.

நேர்மாறும் உண்டு. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்றைய கண்டெய்னர். பெட்டி பெரிய விஷயம் இல்லை, தகரம் அடித்தால் பெட்டி. அதன் நாலு மூலையிலும் இருக்கிற வார்ப்பும், அதில் நுழைந்து திரும்பிப் பூட்டுகிற பூட்டும்தான் விஷயம். எல்லோரும் ஆளுக்கு ஒரு மூலை வைத்திருந்தால் எந்தக் கிரேனும் எந்தப் பெட்டியையும் தூக்க முடியாது. மெக்லீனின் நிறுவனம் அந்தக் காப்புரிமையைக் காசு வாங்காமல் பொதுத் தரத்துக்கு விட்டுக் கொடுத்தது. அடுத்த தடவை துறைமுகம் பக்கம் போனால் பெட்டியைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள்.

தானியக்குதிர் சொன்ன "இதுவும் அதுவும் ஒன்று", இரும்பில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

#19 மூன்றாம்பெஞ்ச்

வெள்ளி எங்கே போனது என்று கேட்டு வந்தேன், சீனா என்று தெரிந்துகொண்டேன். #3இல் இருக்கிற பாதரசம் எங்கே போனது?

#20 உப்புக்காற்று

அது எங்கேயும் போகவில்லை, தம்பி. சூடு காட்டும்போது கொஞ்சம் காற்றில் போனது, அலசும்போது கொஞ்சம் ஆற்று வண்டலில் இறங்கியது. பொட்டோசிக்குப் பாதரசம் வந்த சுரங்கம் பெருவின் ஹுவான்காவெலிகாவில் இருந்தது. அந்த ஊரில் மக்கள் சுரங்கக் கழிவு கலந்த மண்ணில் செங்கல் அறுத்து வீடு கட்டியிருக்கிறார்கள். சமீப காலத்தில் போய் அளந்து பார்த்தபோது, சுவரிலும் தரையிலும் பாதரசம் இருந்தது. குடும்பங்கள் அந்த வீடுகளில்தான் வாழ்கின்றன.